நீலப் பெட்டியிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்

சொட்டுநீருக்குத் தானாகத் திறக்கும் வால்வு, குஞ்சுக் கூண்டுக்குச் சூடு பார்த்து எரியும் பல்பு, தொட்டி நிறைந்ததும் நிற்கும் மோட்டார். இந்த மூன்றில் ஒன்றையாவது சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை நம் இளம் உழவர்கள் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். மூடிய பெட்டியாக ஒன்றை விலை கொடுத்து வாங்கி மாட்டி, அது கெட்டால் கம்பெனி ஆள் வரும்வரை பயிர் வாடப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நூறு ரூபாய்ப் பொருளை நாமே மாட்டி நாமே கழற்றத் தெரிந்திருப்பது மேல். விதைக்கும் உரத்துக்கும் நாம் பேசுகிற நியாயம்தான் இதற்கும்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் வந்து நிற்கும் பொருள் ஒன்று உண்டு. ரிலே மாட்யூல். சின்ன போர்டு, அதன் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு நீலப் பெட்டி, ஒரு பக்கம் மூன்று ஊசி, மறுபக்கம் மூன்று திருகு. சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் வீட்டுக்கே வருகிறது. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் தோட்டத்துக்கு வந்த ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது.

"ஏனுங்கண்ணா, இதுல 10 ஆம்பியர், 250 வோல்ட்டுன்னு போட்டிருக்குது. என்ற மோட்டாரு அஞ்சு எச்.பி.தான், எட்டு ஆம்பியருக்கு மேல இழுக்காது. மூணு பேஸுக்கு மூணு ரிலே போட்டா மோட்டாரையே ஆன் பண்ணிரலாமில்லீங்க?"

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஆள் செத்துப்போகலாம். ஏன் என்று சொல்ல, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மடைப்பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்கால் வருகிறது, இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஒரு பலகை. பலகையை ஒரு ஸ்பிரிங் எப்போதும் இடது பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது தண்ணீர் ஒரு கிளைக்கு மட்டும் போகும். பலகைக்குப் பக்கத்தில் செப்புக் கம்பி சுற்றிய காந்தம். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் பலகையை 'டக்' என்று இழுத்து மறு கிளையைத் திறந்துவிடும். 5 வோல்ட்டை எடுத்தால் ஸ்பிரிங் பழையபடி தள்ளிவிடும். வரும் வாய்க்காலுக்குப் பெயர் காம். சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் கிளை என்.சி. காந்தம் இழுத்தால் திறக்கும் கிளை என்.ஓ. மூன்று திருகும் இவைதாம்.

இதில் முக்கியமான சங்கதி, காந்தச் சுருளுக்கும் அந்த வாய்க்காலுக்கும் உள்ளே எந்தக் கம்பித் தொடர்பும் இல்லை. இந்தப் பக்கம் செல்போன் சார்ஜர் கரண்டு, அந்தப் பக்கம் வேறு கரண்டு. இரண்டுக்கும் நடுவே காந்த இழுப்பு மட்டும்தான். ரிலே என்ற சொல்லே பழைய காலத்தில் களைத்த குதிரையை விட்டுவிட்டு அடுத்த சாவடியில் புதுக்குதிரை மாற்றிக்கொள்வதற்கு வைத்த பெயர். 1830களில் தந்தி அனுப்பியவர்கள் தூரம் போகப் போகக் களைத்துப்போகும் கரண்டுக்குப் புதுக் கரண்டு மாற்றிவிட இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆக, ரிலேயின் வேலை சேதி சொல்வது. மூட்டை தூக்குவது அல்ல.

தம்பியின் கணக்குக்கு வருவோம். 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும், உண்மைதான். ஆனால் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். நாற்பது ஆம்பியரைத் தாண்டும். நீலப் பெட்டிக்குள் இருக்கும் தொடுமுனை மிளகு அளவு. இரண்டு முனையும் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் நீங்கள் செல்போனில் எத்தனை முறை 'ஆஃப்' அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. மூன்றில் ஒன்று மட்டும் ஒட்டி இரண்டு விட்டுவிட்டால், ஓடாத மோட்டாரின் ஒயரில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும். நின்ற மோட்டார்தானே என்று ஈரக்காலோடு போய்த் தொடுவோம். இன்னொன்று, பெட்டியில் எழுதியிருப்பது 250 வோல்ட். மும்முனையில் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே இருப்பது 415. அளவே பொருந்தவில்லை.

"சரிங்கண்ணா, அப்ப ஸ்டார்ட்டரோட பச்சைப் பொத்தானுக்கு இதைக் கொடுத்தா?"

அது சரியான திசை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டரும் ஒரு ரிலேதான், பெரிய ரிலே. மோட்டாரைத் தூக்கச் செய்யப்பட்டது. பச்சைப் பொத்தான் அதன் சுருளுக்குக் கரண்டு கொடுக்கிறது, சிவப்புப் பொத்தான் அறுக்கிறது. ஆனால் நம் கிணற்று ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் அந்தச் சுருளே 415 வோல்ட்டுச் சுருள். மூடியைத் திறந்தால் சுருளின் மேலேயே எழுதியிருக்கும். அப்படியானால் நீலப் பெட்டியைப் பொத்தானுக்கும் கொடுக்கக் கூடாது. நடுவில் அந்த அளவுக்குத் தகுந்த துணை கான்டாக்டர் ஒன்று வேண்டும். சின்ன போர்டு நீலப் பெட்டிக்குச் சொல்லும், நீலப் பெட்டி துணைக்குச் சொல்லும், துணை பெரியதற்குச் சொல்லும், பெரியது மோட்டாரை ஓட்டும். ஓவர்லோடு ரிலேவும் தன் இடத்தில் அப்படியே இருக்கும். இந்த வேலை உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டியது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கையை வைக்காதீர்கள்.

அதிலும் நான் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். மோட்டாரை நிறுத்துவதை மட்டும் கருவியிடம் கொடுக்கலாம், கிளப்புவதை மனிதர்தான் செய்ய வேண்டும். மும்முனைக் கரண்டு முறைவைத்து நடுராத்திரியில் வரும் ஊர்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஏன் போடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், தூக்கம் கெட்டவன்தான் நானும். ஆனால் கிணற்றுக்குள் இறங்கி ஃபுட்வால்வு பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கும், மோட்டார் பக்கத்தில் முந்தானை பறக்க நிற்கும் அம்மாவுக்கும், சொல்லாமல் கிளம்பும் மோட்டார் எமன். தொட்டி நிறைந்தால் நிறுத்து என்பதில் அந்த ஆபத்து இல்லை.

சோலார் பம்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேனலிலிருந்து வரும் டி.சி. ஒயரை இந்த ரிலேயால் அறுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஏ.சி. கரண்டு விநாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுப்போகும், அதனால் தொடுமுனை பிரியும்போது வரும் பொறி தானே அணையும். டி.சி.யில் அந்தப் பூச்சியம் கிடையாது. பொறி கம்பிமாதிரி நீண்டு நின்று எரியும். அதே நீலப் பெட்டியில் கீழே டி.சி.க்கு 30 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறான். பம்பு பேனல்களைத் தொடராக இணைத்தால் பல நூறு வோல்ட் வரும்.

இவ்வளவும் செய்யாதே, செய்யாதே என்று ஆகிவிட்டது. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதெல்லாம் 12 வோல்ட்டில் இருக்கிறது.

12 வோல்ட் காய்கறிப் பாத்தி

எங்கள் தோட்டத்தில் நாலு காய்கறிப் பாத்திக்கு நாலு 12 வோல்ட் சொலினாய்டு வால்வு. ஒரு 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யச் சின்ன சோலார் பேனல். ஈரமான மண்ணில் வெறுங்காலோடு நின்று ஒயரைத் தொட்டாலும் 12 வோல்ட் ஆளைக் கொல்லாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் ஒயர் உரசினால் தீப்பிடிக்கும்.

வால்வு திறந்திருக்கும்போது கிட்டத்தட்ட 5 வாட் தின்னும். நாலு வால்வும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மணி நேரம் என்றால் நாளுக்கு 20 வாட்-மணி. பேட்டரியில் 84 இருக்கிறது. முழுவதையும் காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தாலும் இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்கும்.

ரிலேயின் காந்தச் சுருள் 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோவின் ஒரு கால் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடியது 20தான். அதனால்தான் வெறும் ரிலேயை வாங்காமல் மாட்யூலாக வாங்குகிறோம். அதில் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் எட்டு ரிலே உள்ள போர்டை வாங்கி, எட்டையும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே ஓட்டினால் அரை ஆம்பியருக்கு மேல் ஆகிவிடும், அது சூடாகித் திணறும். ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். காரில் செல்போன் சார்ஜ் போடும் குமிழ் இருக்கிறதே, அது 12ஐ 5 ஆக்கும் கருவிதான். பழசு ஒன்று வீட்டில் கிடக்கும்.

வால்வு வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று. மலிவான பிளாஸ்டிக் சொலினாய்டு வால்வு தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டுதான் தன்னைத் திறந்துகொள்கிறது. குறைந்தது 0.2 கிலோ அழுத்தம், அதாவது இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும். தரையிலிருந்து நாலடி மேடையில் டிரம் வைத்துச் சொட்டுநீர் ஓட்டுகிறவர்கள் இதை மாட்டினால் ரிலே 'டக்' என்னும், வால்வு 'ங்' என்று முனகும், தண்ணீர் வராது. ரிலே கெட்டுப்போச்சு என்று ரிலேயை மாற்றுவார்கள். அவர்களுக்கு வேண்டியது மோட்டார் வைத்த பால் வால்வு. அதற்கு அழுத்தம் தேவையில்லை.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை இன்னொன்று. இந்த வால்வுக்குள் ரப்பர்த் தோலில் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. ஜீவாமிர்தம் அதன் வழியாகப் போனால், எவ்வளவு வடிகட்டினாலும், ஒரு நாள் அடைத்துவிடும். அடைத்தால் வால்வு மூடாது. அதனால் வென்சூரியை வால்வுக்குப் பிறகு, பாத்தி பக்கம் வையுங்கள். வால்வு வழியாக நல்ல தண்ணீர் மட்டும் போகட்டும்.

(ஜீவாமிர்தம் கலக்குவதற்கே ரிலே வைத்து மோட்டார் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம், நான் போட மாட்டேன். காலையும் மாலையும் குச்சியை விட்டுச் சுற்றும்போது மூக்குக்குத் தெரிவதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லவில்லை.)

ஒயரின் கனமும் பார்க்க வேண்டும். வால்வு நூறு மீட்டரில் இருந்தால் கரண்டு போய்வர இருநூறு மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் சுமார் ஏழு ஓம். வால்வு அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்தாலும் வழியிலேயே மூன்று வோல்ட் காணாமல் போய்விடும். 9 வோல்ட்டில் வால்வு திறக்கத் தயங்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதி ஆகும். பேட்டரிக்கு அருகில் 12 காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம், வால்வு முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

வால்வின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடு, 1என்4007 என்று கேட்டால் கொடுப்பார்கள், வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்குமாறு மாட்டவும். வால்வுச் சுருளை அறுக்கும் நொடியில் அது எதிர்த்து ஒரு உதை உதைக்கும். டயோடு இல்லாவிட்டால் அந்த உதையில் ரிலேயின் தொடுமுனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரியும். மாட்யூலில் ஏற்கெனவே ஒரு டயோடு இருக்கிறதே என்பார்கள். அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கானது.

சும்மா இருக்கும்போது எந்தப் பக்கம்?

என்.ஓ.வா, என்.சி.யா என்பதை ஒயர் மாட்டும் நேரத்தில் தீர்மானிக்கக் கூடாது. முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டு செத்துப்போனால், பேட்டரி இறங்கினால், எலி ஒயரைக் கடித்தால், என் பயிரோ உயிரோ எந்த நிலையில் இருந்தால் பிழைக்கும்?

காய்கறிப் பாத்திக்கு வால்வு மூடியிருக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தால் கத்தரி தாங்கும். திறந்தே கிடந்தால் தொட்டி மொத்தமும் ஒரு பாத்தியில் போய்விடும். ஆக என்.ஓ.

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு நேர்மாறு. பல்பு எரிந்துகொண்டே இருந்தால், கூண்டு போதிய அகலமாக இருக்கும்பட்சத்தில், குஞ்சுகள் சூடு தாங்காமல் ஓரத்துக்கு விலகி நிற்கும். பல்பு அணைந்துவிட்டால் குளிருக்கு ஒதுங்க இடம் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். அதனால் பல்பு என்.சி.யில் இருக்க வேண்டும். 'சூடு போதும்' என்றால் மட்டும் ரிலே இழுத்து அணைக்கட்டும். போர்டு செத்தால் பல்பு எரியும். கடையில் கிடைக்கும் சில தெர்மோஸ்டாட் போர்டுகளில் இரண்டு முனைதான் வெளியே இருக்கும், என்.சி. கிடைக்காது. வாங்கும்முன் முனைகளை எண்ணிப் பாருங்கள். 230 வோல்ட் பல்பு என்றால் இங்கும் வயர்மேன்தான், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

மோட்டாரை நிறுத்தும் ரிலேவுக்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு. என்.சி.யில் வைத்தால் போர்டு செத்தாலும் பழையபடி கையால் மோட்டார் ஓட்டலாம், தொட்டி வழிந்தால் வழியட்டும். ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்துவதற்குத்தான் ரிலே என்றால், போர்டு செத்த அன்று மோட்டார் வறண்டு ஓடிப் புகைந்துவிடும். அங்கே என்.ஓ.தான் சரி, கூடவே அவசரத்துக்குக் கையால் தாண்டிவிட ஒரு சுவிட்சும்.

போர்டு செத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறவர்கள்கூட அது திரும்ப எழும் நொடியை மறந்துவிடுகிறார்கள். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை தலைகீழ்ப் புத்திக்காரர்கள். சிக்னல் பூச்சியம் ஆனால் ரிலே இழுக்கும், மேலே போனால் விடும். கரண்டு போய் வந்ததும் போர்டின் கால்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஒரு நொடியில் ரிலே தானே ஒரு 'டக்' போடலாம். ஆர்டுயினோவில், காலை வெளியீடு என்று அறிவிக்கும் வரிக்கு முன்னாலேயே அதை 'ஹை' என்று எழுதிவிட்டால் இது வராது. நோட்எம்.சி.யு. என்றால் டி1, டி2 கால்களைப் பயன்படுத்துங்கள், எழும்போது அவை அமைதியாக இருக்கும். அது 3.3 வோல்ட்டில் பேசுகிற போர்டு. ஆகவே மாட்யூலில் ஜே.டி.-வி.சி.சி. என்று எழுதிய இடத்தில் இருக்கும் சின்னத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த முனைக்கு 5 வோல்ட்டும், பக்கத்து வி.சி.சி.க்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆர்டுயினோ வேண்டும் என்றும் இல்லை. தொட்டிக்கு ஒரு மிதவை சுவிட்சும் ஒரு 12 வோல்ட் ரிலேவும் போதும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அப்பா என்ன செய்வார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மண் ஈரம் பார்த்துத் திறக்கும் வால்வுக்கு ஒரு எச்சரிக்கை. முழுச் சுமையில் இந்த ரிலேயின் தொடுமுனை சுமார் ஒரு லட்சம் முறை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் கணக்கு. நாளுக்கு நாலு தரம் என்றால் பேரன் காலம்வரை வரும். ஆனால் 'ஈரம் 40க்குக் கீழே போனால் திற, மேலே வந்தால் மூடு' என்று எழுதினால், அந்த 40இல் உணர்கருவி தள்ளாடும்போதெல்லாம் ரிலே அடித்துக்கொள்ளும். பத்து விநாடிக்கு ஒருதரம் என்றாலும் பன்னிரண்டு நாளில் லட்சம் முடிந்துவிடும். 35இல் திற, 55இல் மூடு என்று நடுவில் இடைவெளி விடுங்கள்.

பெட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மோட்டார் ரூமில் போர்டைத் திறந்து வைத்தால் முதலில் வருவது எறும்பு, அடுத்தது பல்லி. மூடிய பிளாஸ்டிக் பெட்டி, ஒயர்கள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும்முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். மழைத்தண்ணீர் ஒயர் வழியே வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். 12 வோல்ட்டும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கக் கூடாது.

கெட்டுப்போனால் காதைப் பயன்படுத்துங்கள். லைட் எரிகிறது, 'டக்' சத்தம் இல்லை என்றால் 5 வோல்ட் போதவில்லை. சத்தம் வருகிறது, வால்வு திறக்கவில்லை என்றால் பேட்டரியை இணைத்தபடியே காமுக்கும் என்.ஓ.வுக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரை வைத்துப் பாருங்கள். இது 12 வோல்ட்டில் மட்டும். வால்வு திறந்தால் ரிலேயின் தொடுமுனை கரிந்திருக்கிறது. திறக்காவிட்டால் ரிலேயை விட்டுவிட்டு ஒயரையும் வால்வையும் பாருங்கள்.

புதிதாக மாட்டியதும் உடனே பாத்தியோடு இணைக்காதீர்கள். வால்வு இருக்கும் இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி ஒரு வாரம் ஓடவிடுங்கள். அந்த வாரத்தில் வேண்டுமென்றே பேட்டரியைக் கழற்றுங்கள், திரும்ப மாட்டுங்கள், உணர்கருவி ஒயரைப் பிடுங்குங்கள், பேனலைச் சாக்கால் மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் பல்பு நீங்கள் நினைத்த பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எட்டாம் நாள் வால்வை மாட்டலாம்.